“ஓவர் ஸ்பீட்தான், வேறென்ன”

இரவு இரண்டு மணிக்கு ஹைவேயில் ஒரு கார் சிதறுகிறது. காலை எட்டு மணிக்குள் நமது வட்ஸ்அப் குழுக்களில் வழக்கு முடிந்துவிடும். முதலில் நசுங்கிய காரின் படம் வரும். பிறகு குரல் பதிவுகள். “ஓவர் ஸ்பீட்தான், வேறென்ன.” “குடிச்சிருப்பாங்கள்.” வயது கூடிய ஒருவரிடமிருந்து, பெருமூச்சோடு, “விதி. ஆர் என்ன செய்யேலும்?” அதற்குக் கீழே வரிசையாகக் கும்பிடும் கைகள். அந்த நேரத்தில் வீதியில் பொலிஸ் இன்னும் அளந்துகூட முடித்திருக்காது.

அதே காலை, நம் வயதுக்காரரின் இன்ஸ்ரகிராமில் இன்னொரு தீர்ப்பு ஓடும். “அவன் நல்லா ஓடுவான். அவன்ட பிழை இல்லை.”

இந்த நான்கு வசனங்களோடும் எனக்குச் சண்டை இருக்கிறது. ஒன்று குற்றம் சாட்டுகிறது, ஒன்று மன்னிக்கிறது, ஒன்று கடவுளிடம் கொடுக்கிறது. ஆனால் நான்கும் செய்யும் வேலை ஒன்றுதான்: இனிக் கேட்க ஒன்றும் இல்லை என்று கதவைச் சாத்துகின்றன. அந்தக் கதவுக்குப் பின்னால்தான் அடுத்த ஆளைச் சாகவிடாமல் காப்பாற்றக்கூடிய தகவல் இருக்கிறது.

வேகம் ஆளைக் கொல்லாது என்று நான் சொல்ல வரவில்லை. கொல்லும். எப்படிக் கொல்லும் என்பதற்கு இலக்கத்தோடு கீழே வருகிறேன். ஆனால் “வேகமாகப் போனது” என்பது நடந்ததைச் சொல்கிறது. ஏன் நடந்தது என்பதை அது சொல்வதில்லை. இந்த இரண்டுக்கும் இடையிலுள்ள தூரத்தைப் பார்க்க ஒரு கதை சொல்கிறேன்.

2009 ஆகஸ்ட் 28. கலிபோர்னியாவில் சான் டியேகோவுக்குப் பக்கத்தில் சான்ரீ என்ற ஊர். ஒரு லெக்சஸ் கார் மணிக்கு 160 கிலோமீற்றருக்கும் மேலான வேகத்தில் ஹைவேயின் முடிவுக்கு வருகிறது. அங்கே ஹைவே முடிந்து ஒரு சந்தி. கார் இன்னொரு வாகனத்தில் மோதி, வேலியை உடைத்துக்கொண்டு பள்ளத்தில் விழுந்து எரிகிறது. உள்ளே இருந்த நான்கு பேரும் இறந்துபோனார்கள்.

இந்த அளவு மட்டும் நம் குழுக்களில் வந்திருந்தால் என்ன எழுதப்பட்டிருக்கும்? எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும்.

அந்தக் காரை ஓட்டியவர் கலிபோர்னியா ஹைவே பொலிஸ் அதிகாரி. வேகமாகப் போகும் வாகனங்களை நிறுத்துவதுதான் அவருடைய தொழில். அவரோடு மனைவி, 13 வயது மகள், மனைவியின் சகோதரர். தங்கள் காரைச் சேர்விஸுக்குக் கொடுத்துவிட்டு, கடை கொடுத்த மாற்றுக் காரில் போனார்கள். மோதுவதற்குச் சற்று முன்பு அந்தச் சகோதரர் அவசர இலக்கத்துக்கு அழைத்து, எக்ஸிலரேற்றர் சிக்கிவிட்டது, பிரேக் பிடிக்கவில்லை, சந்தி வருகிறது என்று சொல்லியிருக்கிறார். அந்த அழைப்பு பதிவாகியிருக்கிறது.

விசாரணையாளர்கள் எரிந்த காரைத் துண்டு துண்டாகப் பார்த்தார்கள். பிரேக்குகள் நெடுநேரம் பலமாக மிதிக்கப்பட்டதால் வரும் கடுஞ்சூட்டுச் சேதம் அங்கே இருந்தது. அதாவது மனிதர் நிறுத்தத்தான் போராடியிருக்கிறார். எக்ஸிலரேற்றர் மிதி, சாரதியின் காலடியில் போட்டிருந்த ரப்பர் விரிப்போடு உருகி ஒட்டிக் கிடந்தது. அந்த விரிப்பு அந்தக் காருக்கு உரியதே இல்லை, வேறொரு பெரிய மொடலுக்கு உரியது. யாரோ எடுத்துப் போட்டிருக்கிறார்கள். மிதியை முழுக்க அமத்தியதும் அது விரிப்பின் விளிம்பில் மாட்டிக்கொண்டது. பட்டன் மூலம் ஸ்ராட் செய்யும் கார் அது. ஓடும்போது எஞ்சினை நிறுத்த அந்தப் பட்டனை மூன்று செக்கன் விடாமல் அமத்திப் பிடிக்க வேண்டும். கடைக் காரை அன்றைக்கு முதல் தடவை ஓட்டும் ஒருவருக்கு அது எப்படித் தெரியும்?

இன்னொன்றையும் கண்டுபிடித்தார்கள். இதை வாசிக்கும்போதுதான் எனக்கு வயிறு எரிந்தது. சில நாட்களுக்கு முன்பு அதே காரை எடுத்துப்போன வேறொரு வாடிக்கையாளருக்கும் இதே மாதிரி மிதி சிக்கியிருக்கிறது. அவர் எப்படியோ நிறுத்திவிட்டார். காரைத் திருப்பிக் கொடுக்கும்போது கடையில் சொல்லியும் இருக்கிறார்.

ஒரு துண்டு ரப்பர். ஒருவர் சொன்னார், மற்றவர் கேட்கவில்லை. அதற்குப் பிறகு ரொயோற்றா அமெரிக்காவில் மட்டும் ஏறக்குறைய 38 லட்சம் வாகனங்களுக்கு விரிப்பு எச்சரிக்கையும் திருத்தமும் அறிவிக்க வேண்டி வந்தது. பிரேக்கும் எக்ஸிலரேற்றரும் ஒன்றாக மிதிபட்டால் பிரேக்குக்கே முதலிடம் கொடுக்கும் ஏற்பாடு கார்களில் சேர்க்கப்பட்டது. பாதுகாப்புக் குறைகளைப் பற்றி மக்களைத் தவறாக வழிநடத்தியதற்காக 2014இல் அந்த நிறுவனம் 120 கோடி அமெரிக்க டொலர் அபராதம் கட்ட ஒப்புக்கொண்டது. “ஓவர் ஸ்பீட்தான்” என்று அந்தக் காலையே முடித்திருந்தால் இதில் எது நடந்திருக்கும்?

சரி, எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? மந்திரம் ஒன்றும் இல்லை. பத்தாம் பதினோராம் வகுப்புப் பௌதிகம்தான். “இதெல்லாம் வாழ்க்கையில எங்க உதவப்போகுது” என்று நீங்கள் முணுமுணுத்த அதே பாடம்.

பிரேக் அடித்து ரயர்கள் பூட்டுப்பட்டால் வீதியில் கறுப்புக் கோடு விழும். அந்தக் கோட்டின் நீளத்தை மீற்றரில் அளக்கிறார்கள். அதை வீதியின் உராய்வு எண்ணால் பெருக்கி, 254ஆல் பெருக்கி, வர்க்கமூலம் எடுத்தால் மணிக்கு எத்தனை கிலோமீற்றர் என்று வரும். 50 மீற்றர் கோடு, காய்ந்த தார் வீதி, உராய்வு 0.7 என்று வையுங்கள். 94 வருகிறது. இதே 50 மீற்றர், மழையில் நனைந்து உராய்வு 0.4 ஆக இருந்தால் 71தான். ஒரே கோடு, ஒரே படம், 23 கிலோமீற்றர் வித்தியாசம். கோட்டைப் பார்த்ததும் “அடேயப்பா, 150ல போயிருக்கிறான்” என்று எழுதும் அங்கிளுக்கு அன்று மழை எத்தனை மணிக்கு விட்டது என்று தெரியுமா? விசாரணையாளர் உராய்வை ஊகிப்பதில்லை. அதே வீதியில், முடிந்தவரை அதே நிலைமையில், ஒரு வாகனத்தைப் பிரேக் அடித்து நிறுத்திக் கருவியால் அளந்து பார்க்கிறார்.

94 என்பது கடைசி விடையும் இல்லை. கோடு முடிந்த இடத்தில் கார் நின்றுவிடவில்லை, எதிலோ மோதித்தான் நின்றது. அந்த மோதலில் தகரம் எவ்வளவு நசுங்கியது என்று அளந்து, அந்த நசுங்கலுக்கு எவ்வளவு சக்தி வேண்டும் என்று கணக்கிடுகிறார்கள். அது 60 கிலோமீற்றர் வேகத்துக்குச் சமம் என்று வந்தால், 94ஐயும் 60ஐயும் கூட்டி 154 என்று சொல்லக்கூடாது. கூட்ட வேண்டியது சக்தியை. இரண்டின் வர்க்கங்களையும் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் ஏறக்குறைய 112. இப்படிக் கூட்டத் தெரியாமல் வரும் 154தான் வதந்தியாகிப் பரவுகிறது.

இப்போது பெரும்பாலான கார்களில் ஏபிஎஸ் இருப்பதால் கறுப்புக் கோடு மெல்லிசாகத்தான் விழும், சிலவேளை கண்ணுக்கே படாது. ஆனால் வளைவில் கட்டுப்பாடு இழந்து பக்கவாட்டில் வழுக்கும் கார் வேறுவிதமான தடம் விடும். அது வளைந்த கோடு. கிட்டப் போய்ப் பார்த்தால் கோட்டுக்குள் சாய்வான மெல்லிய கீறல்கள் இருக்கும். ரயர் உருண்டுகொண்டே பக்கத்துக்கு இழுபட்டிருக்கிறது என்பதற்கு அதுதான் சாட்சி. அந்த வளைவில் இரண்டு புள்ளிகளுக்கிடையே 20 மீற்றர் நூல் பிடித்து, நூலின் நடுவிலிருந்து கோடு எவ்வளவு விலகியிருக்கிறது என்று அளப்பார்கள். 35 சென்ரிமீற்றர் என்றால், உராய்வு 0.7 உள்ள வீதியில், வேகம் ஏறக்குறைய 113. அதையே பிழையாக 30 சென்ரிமீற்றர் என்று அளந்தால் 122. ஐந்து சென்ரிமீற்றர் பிழைக்கு ஒன்பது கிலோமீற்றர். வீதியை மணிக்கணக்காக மூடி வைத்துக்கொண்டு பொலிஸ் என்ன செய்கிறது என்று ட்ராஃபிக்கில் நின்று திட்டுகிறோமே, இதைத்தான் செய்கிறது.

காருக்குள்ளேயும் ஒரு சாட்சி இருக்கிறது. எயார்பேக்கைக் கட்டுப்படுத்தும் பெட்டி, மோதலுக்கு முந்திய ஐந்து செக்கன்களைத் தன்னுள் பதிந்து வைக்கும். அரைச் செக்கனுக்கு ஒருமுறை என்ன வேகம், எக்ஸிலரேற்றர் எவ்வளவு அமத்தப்பட்டிருந்தது, பிரேக் மிதிபட்டதா, சாரதி பெல்ட் போட்டிருந்தாரா என்பதெல்லாம் அதில் இருக்கும். அது எதை எப்படிப் பதிய வேண்டும் என்ற விதியை அமெரிக்கா 2006இல் கொண்டுவந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 ஜூலையிலிருந்து விற்கப்படும் எல்லாப் புதிய கார்களிலும் இது கட்டாயம்.

ஆனால் அந்தப் பெட்டியும் கடவுள் இல்லை. அது வேகத்தைப் பெரும்பாலும் சக்கரம் சுற்றுவதை வைத்துத்தான் சொல்கிறது. ஐஸில் சக்கரம் வெறுமனே சுழன்றால் கூடிய வேகம் காட்டும், பூட்டுப்பட்டால் குறைத்துக் காட்டும். ஆகவே அதை வீதித் தடத்தோடும் நசுங்கலோடும் பக்கத்துக் கடைக் கமராவோடும் வைத்துப் பார்க்கிறார்கள். எல்லாம் ஒன்றுக்கொன்று பொருந்தினால்தான் எழுதுகிறார்கள். அந்தப் பெட்டி யாருடைய பக்கமும் இல்லை. சான்ரீக்குப் பிறகு, கார் தானாகவே பாய்ந்தது என்று ரொயோற்றா சாரதிகள் சொன்ன வேறு 58 மோதல்களின் பெட்டிகளை அமெரிக்க அரசு படித்தது. 35இல் பிரேக் மிதிபடவே இல்லை. பிரேக் என்று நினைத்து எக்ஸிலரேற்றரை மிதித்திருக்கிறார்கள் என்பதுதான் அதற்குப் பெரும்பாலும் பொருத்தமான விளக்கம். பாவப்பட்டு ஒரு பக்கம் சாய்பவர்களுக்கும் அளவை இடம் கொடுக்காது.

எனக்குப் பிடித்த சாட்சி பழைய கார் விளக்கின் பல்ப். லைற் எரிந்ததா இல்லையா என்று இரண்டு தரப்பும் சண்டை பிடிக்கும். மோதும் கணத்தில் பல்ப் எரிந்துகொண்டிருந்தால் உள்ளே இருக்கும் இழை சூட்டில் இளகி இருக்கும், அடி விழுந்ததும் நீண்டு வளைந்துவிடும். அணைந்திருந்தால் குளிர்ந்த இழை அப்படி வளையாது, ஒன்றில் உடையும், அல்லது அப்படியே இருக்கும். விரல் நகத்தளவு கம்பி, நீதிமன்றத்தில் ஒரு மனிதரின் வார்த்தையைத் தூக்கி நிறுத்தும். எல்ஈடி விளக்குகள் வந்தபிறகு இந்தச் சாட்சி மெல்ல மறைந்துவருகிறது.

நம் குழுக்கள் மிகக் கொடூரமாகப் பிழைவிடும் இடம் இன்னொன்று: ஓட்டியது யார்? காரில் நான்கு பெடியன்கள், இருவர் வெளியே தூக்கி வீசப்பட்டிருக்கிறார்கள். கார் இன்னாருடையது, ஆகவே இன்னார்தான் ஓட்டினார் என்று பெயரோடு பரவுகிறது. விசாரணையாளர் பெயரைக் கேட்பதில்லை, உடலைக் கேட்கிறார். இடப்பக்கம் இருந்து ஓட்டும் நாடுகளில் சாரதியின் பெல்ட் இடது தோளால் வரும், பக்கத்தில் இருந்தவருடையது வலது தோளால் வரும். தோலில் விழுந்த தழும்பு எந்தப் பக்கம்? சாரதியின் எயார்பேக்கில் யாருடைய டிஎன்ஏ? யாருடைய சப்பாத்தின் அடியில் பிரேக் மிதியின் ரப்பர் கோடுகள் பதிந்திருக்கின்றன? இதற்கு நாள் எடுக்கும். அதற்குள் ஒரு தாயிடம் “உங்கட மகன்தான் மற்றப் பிள்ளையளைக் கொண்டுபோய்ச் சாக்காட்டினவன்” என்று செத்தவீட்டிலேயே யாராவது சொல்லி முடித்திருப்பார்கள். பிறகு உண்மை வேறாக வந்தால் அந்த வசனத்தை யார் திருப்பி எடுப்பது?

உலகமே பார்த்துக்கொண்டிருந்த ஒரு மோதலில்கூட இது நடந்தது. 1997 ஆகஸ்ட் 31, பாரிஸின் அல்மா சுரங்கப்பாதை, இளவரசி டயானா. ஸ்பீடோமீற்றர் 196இல் உறைந்து நின்றது என்று முதல் நாட்களில் செய்தி வந்தது. 196 என்பது மனதில் ஒட்டும் இலக்கம், அதனால் ஒட்டிக்கொண்டது. பின்னர் வந்த விசாரணைகள் தூணில் மோதிய வேகத்தை 95க்கும் 110க்கும் இடையில் வைத்தன. அந்த இடத்தில் அனுமதி 50. அதாவது வேகம் கூடத்தான், ஆனால் வதந்தியின் பாதி. சக்தி வேகத்தின் வர்க்கமாக ஏறுவதால் 196க்கும் 100க்கும் இடையிலுள்ள வித்தியாசம் இரண்டு மடங்கு இல்லை, ஏறக்குறைய நாலு மடங்கு. உயிர் தப்பிய ஒரேயொருவர் பெல்ட் போட்டிருந்ததால்தான் தப்பினார் என்றும் முதலில் சொன்னார்கள். ஆராய்ந்து பார்த்தால் காரில் இருந்த நால்வருமே பெல்ட் போட்டிருக்கவில்லை. 2008 ஏப்ரலில் லண்டன் மரண விசாரணையின் ஜூரிகள் ஒரேயொரு காரணத்தோடு நிறுத்தவில்லை. மெர்சிடிஸ் சாரதியின் பெரும் அலட்சியம், பின்னால் துரத்திய வாகனங்களின் பெரும் அலட்சியம், மது, பெல்ட் இல்லாதது, வேறெதிலும் இல்லாமல் தூணில் மோதியது என்று எல்லாவற்றையும் எழுதினார்கள். சதி என்று இன்றும் சொல்பவர்களுக்கு ஒரு காரணம் போதும். விசாரணைக்கு அது போதாது.

கனடாவில் இருக்கும் எனக்கு இதைவிடக் கிட்ட வலிப்பது ஹம்போல்ற். 2018 ஏப்ரல் 6, சஸ்காச்சுவான் மாகாணத்தில் ஒரு நாட்டுப்புறச் சந்தி. இளைஞர் ஹொக்கி அணி ஒன்று விளையாட்டுக்குப் போய்க்கொண்டிருந்த பஸ்ஸும், இரண்டு பெட்டி இழுத்து வந்த ட்ரக்கும். 16 பேர் இறந்தார்கள், 13 பேர் காயப்பட்டார்கள். ட்ரக் சாரதி இந்தியாவிலிருந்து வந்த இளைஞர், வேலைக்குப் புதிது. அவர் எங்கிருந்து வந்தவர் என்பதே பலருக்குக் காரணமாகப் போதுமாக இருந்தது. “இவங்களுக்கெல்லாம் ஆர் லைசன்ஸ் குடுக்கிறது?” என்று நம் ஆட்களே சொன்னதை நான் கேட்டிருக்கிறேன். ரொறன்ரோவில் நம் வீடுகளில் எத்தனை பேர் ட்ரக்கும் டெலிவரியும் ஓட்டிச் சோறு போடுகிறார்கள் என்பதை மறந்துவிட்டுச் சொன்னார்கள்.

அளவை என்ன சொன்னது? ட்ரக் மணிக்கு 86க்கும் 96க்கும் இடைப்பட்ட வேகத்தில் சந்திக்குள் நுழைந்தது. பிரேக் அடித்த தடம் இல்லை. பஸ் சாரதி பிரேக் அடித்திருந்தார், ஏறக்குறைய 24 மீற்றர் தடம் இருந்தது. ட்ரக்கின் பக்கத்தில்தான் நிற்கும் பலகை. அதற்கு முன்னே நான்கு எச்சரிக்கைப் பலகைகள், பிறகு சாதாரணத்தைவிடப் பெரிய ஸ்ரொப் பலகை, அதற்கு மேல் மின்னும் சிவப்பு விளக்கு. பெட்டியில் காற்றில் அடிபட்ட தார்ப்பாயைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டு வந்தவர் இவை அத்தனையையும் தவறவிட்டார். குற்றத்தை ஒப்புக்கொண்டார். 2019இல் எட்டு ஆண்டு சிறை. இங்கே தப்பிப்புக்கு இடமில்லை, அவரே அதைத் தேடவும் இல்லை.

ஆனால் கேள்விகள் அங்கே நிற்கவில்லை. அதைத்தான் நான் உங்களிடம் காட்ட விரும்புகிறேன். அவருக்குக் கிடைத்த பயிற்சி எவ்வளவு? முதலாளியோடு இரண்டு கிழமை, பிறகு தனியே. நிறுவனத்தின் பதிவேடுகள் ஒழுங்காக இருந்தனவா? இல்லை. முதலாளிக்கு 5,000 டொலர் அபராதம். எட்டு ஆண்டையும் 5,000 டொலரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நீங்களே பாருங்கள். அந்தச் சந்தி முதல் தடவையா உயிர் எடுத்தது? இல்லை. 1997இல் அதே இடத்தில் ஆறு பேர் இறந்தார்கள். அவர்களுக்கு வைத்த சிலுவைகள் அங்கேயே நின்றன.

சந்தியின் மூலையில் மரங்கள் இருந்தன. அவை பார்வையை மறைத்தனவா? பொலிஸின் தடயவியல் அறிக்கை, இந்த மோதலுக்கு மரங்கள் காரணமில்லை என்றது. பலகைகள் தெளிவாகத் தெரிந்தன. பின்னர் அரசு செய்வித்த வீதிப் பாதுகாப்பு ஆய்வோ, மரங்கள் பார்வைக்கு இடைஞ்சல், அகற்றுங்கள், வீதியில் ரயர் பட்டால் அதிரும் வரிகள் போடுங்கள் என்றது. முரண்பாடு மாதிரித் தெரியும். இல்லை. முதல் அறிக்கை “யார் பொறுப்பு” என்று கேட்டது. இரண்டாவது “அடுத்தவர் தவறினாலும் எப்படி உயிரோடு விடலாம்” என்று கேட்டது. இரண்டு கேள்விகளுக்கும் இரண்டு விடை இருக்கலாம், இரண்டுமே உண்மையாக இருக்கலாம். சஸ்காச்சுவானில் 2019 மார்ச்சிலிருந்து ட்ரக் சாரதிகளுக்கு 121.5 மணித்தியாலப் பயிற்சி கட்டாயமானது. 2020 செப்டெம்பரிலிருந்து கனடாவில் புதிதாகச் செய்யப்படும் நெடுந்தூரப் பஸ்களுக்குச் சீட் பெல்ட் கட்டாயமானது. இரண்டாவது கேள்வியை விடாமல் கேட்டவர்களால் கிடைத்தவை இவை.

இங்கே சிலர் குறுக்கே வருவீர்கள். இப்படி ஆயிரம் காரணம் சொன்னால் வேகமாக ஓடுகிறவன் தப்பிவிடுவானே? ஹம்போல்றில் யாரும் தப்பவில்லை, மேலே பார்த்தீர்கள். சரியாகச் சொன்னால், அளவைதான் தப்பவிடாது. “அவன் நல்லா ஓடுவான்” என்று எழுதும் என் நண்பர்களே, இந்தக் கணக்கு உங்களுக்கு. பக்கத்தில் பக்கத்தில் இரண்டு கார்கள், ஒன்று 100, மற்றது 120. முன்னால் ஏதோ விழுகிறது. இரண்டு பேருக்கும் மூளை வேலைசெய்து கால் பிரேக்குக்குப் போக ஒன்றரைச் செக்கன் என்று வையுங்கள். 100இல் வந்த கார் ஏறக்குறைய 98 மீற்றரில், அந்தப் பொருளைத் தொட்டும் தொடாமல் நிற்கிறது. 120இல் வந்த கார் அதே இடத்தில் எவ்வளவு வேகத்தில் இருக்கும்? நான் கேட்ட பெரும்பாலானோர் 20 என்றார்கள். விடை ஏறக்குறைய 77. மற்றவர் நின்றுவிட்ட இடத்தில் இவர் 77இல் மோதுகிறார். நல்லா ஓடும் திறமை இந்தக் கணக்கில் எந்த இடத்திலும் வருவதில்லை. திறமைசாலிக்கும் அதே உராய்வுதான்.

துக்க வீட்டில் இதெல்லாம் கதைக்கலாமா என்றும் கேட்பீர்கள். கூடாது. அதனால்தான் சொல்கிறேன், தீர்ப்பையும் கதைக்காதீர்கள். “விதி” என்பது ஆறுதல் வார்த்தை என்று எனக்குத் தெரியும். அம்மம்மா சொன்னால் நான் எதிர்த்துப் பேசமாட்டேன், கையைப் பிடித்துக்கொண்டு இருப்பேன். ஆனால் சங்கத் தலைவரும் வானொலி அறிவிப்பாளரும் அதையே சொல்லும்போது அது ஆறுதல் இல்லை, சோம்பல். 2001இல் பிரித்தானிய மருத்துவ இதழான பிஎம்ஜே, தவிர்க்கக்கூடிய காயங்களுக்கு ‘அக்ஸிடன்ற்’ என்ற சொல்லைத் தன் பக்கங்களில் விலக்கியது. எதிர்பாராமல் நடந்தது, தடுக்க முடியாதது என்ற பொருள் அதில் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்பதுதான் காரணம். தமிழில் ‘விபத்து’ என்ற சொல்லோடு எனக்குப் பெரிய பகை இல்லை, அதற்குப் பேரிடர் என்றுதான் அர்த்தம். அதற்குப் பின்னால் உடனே ‘விதி’யைக் கொண்டுவந்து நிறுத்துகிறோமே, அதோடுதான் பகை.

இன்னொரு காரணத்துக்காகவும் இதை உங்களுக்கு எழுதுகிறேன், பெரியவர்களுக்கு இல்லை. நம் வீட்டில் ஒருவருக்கு இப்படி நடந்தால், கடிதங்கள் ஆங்கிலத்தில், நோர்வேஜியனில், பிரெஞ்சில், டொச்சில் வரும். மொழிபெயர்க்கப் போவது நீங்கள். பத்தொன்பது வயதில், அழுதுகொண்டே, அம்மாவுக்குப் பொலிஸ் அறிக்கையை வாசித்துச் சொல்லப் போவது நீங்கள். அதில் இருக்கும் ‘முதற்கட்டம்’ என்ற சொல்லுக்கு ‘முடிவு’ என்று அர்த்தம் இல்லை என்பது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். இங்கிலாந்தில் மரண விசாரணை நடந்தால், இறந்தவரின் நெருங்கிய குடும்பத்துக்குச் சாட்சிகளிடம் கேள்வி கேட்கும் உரிமை இருக்கிறது. ஒன்ராறியோவில் அப்படி ஒரு விசாரணை வேண்டும் என்று குடும்பம் கொறோனரிடம் எழுத்தில் கேட்கலாம். நம் குடும்பங்கள் கேட்கத் தயங்குகின்றன. பொலிஸிடம் கேள்வி கேட்டால் பிரச்சினை வரும் என்ற பயம் ஊரிலிருந்து கூடவே வந்தது, அதற்கு நல்ல காரணமும் இருந்தது. அந்தப் பயத்தை அவர்களிடம் விட்டுவிட்டு, கேள்வியை நீங்கள் எழுதலாம்.

ஆகவே அந்தக் காலையில் படம் வந்தால் அனுப்பாதீர்கள். உங்கள் டாஷ்கமராவில் ஏதாவது பதிவாகியிருந்தால் ரிக்ரொக்குக்கு இல்லை, விசாரிக்கும் அதிகாரிக்குக் கொடுங்கள், மூலப் பிரதியை அழிக்காமல் வைத்திருங்கள். அந்த வீதியில் கடை வைத்திருக்கும் யாரையாவது தெரிந்தால் கமராப் பதிவை உடனே சேமிக்கச் சொல்லுங்கள், பல கமராக்கள் சில நாட்களிலேயே பழையதை அழித்துவிட்டு மேலே பதியும். குடும்பத்தில் ஒருவராக இருந்தால் முதல் கேள்வி, கார் இப்போது எந்த யார்டில் நிற்கிறது என்பது. பொலிஸ் விடுவித்ததும் இன்சூரன்ஸ் அதை முழு நட்டம் என்று எழுதி, பழைய இரும்புக்கு அனுப்பிவிடலாம். அந்த ஐந்து செக்கன் பெட்டியும் அதோடு நசுங்கிவிடும். விசாரணை முடியும்வரை காரை வைத்திருக்கச் சொல்லி இன்சூரன்ஸுக்கு அன்றைக்கே மின்னஞ்சல் போடுங்கள், ஒரு பிரதியைப் பொலிஸுக்கும் அனுப்புங்கள்.